முதல் பக்கம்

2012 மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் மாமா போன் செய்தார். "மாப்ள, நம்ம கடையக் காணோமே" என்றார். கடை கோயம்புத்தூரில் அதே சந்தில், அதே கிரீஸ் வாசனையோடு அப்படியேதான் இருந்தது. அவர் சொன்னது இணையதளத்தை. இரண்டு மாதமாக முதல் பக்கத்தில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்த கடை, பத்துப் பக்கம் தள்ளிப் போய்ப் பார்த்தும் வரவில்லை.

மாமாவுக்கு வெட் கிரைண்டர் உதிரி பாகம் விற்கும் தொழில். பெல்ட், பேரிங், கெப்பாசிட்டர், குழவிக் கல். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை. நான் 2011இல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைக்கான ஆர்டர் கையில் இருந்தும் சேரும் தேதி வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் படித்த பையனுக்குச் சொந்தக்காரர்கள் தரும் வேலை இரண்டுதான்: பிரிண்டரைச் சரி செய்வது, வெப்சைட் போட்டுத் தருவது.

ஆறு பக்கத் தளம். முகப்பில் மாமாவின் விசிட்டிங் கார்டை ஸ்கேன் செய்து பெரிதாகப் போட்டேன். கடைப் பெயர், முகவரி, போன் நம்பர், விற்கும் சாமான்கள் எல்லாமே அந்தப் படத்துக்குள். பார்ப்பவருக்கு அழகாகத்தான் இருந்தது. தேடுபொறிக்கோ அது ஒரு வெற்றுச் செவ்வகம். மூன்று மாதம் ஒருத்தரும் வரவில்லை. பிறகுதான் எஸ்இஓ என்ற சொல் காதில் விழுந்தது. ஒருவர் 2,000 ரூபாய்க்கு 500 பேக்லிங்க் தருவதாகச் சொன்னார். என் கைக்காசைக் கொடுத்தேன். பிப்ரவரியில் முதல் பக்கம்! பொள்ளாச்சி, ஓசூர், பெங்களூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. மாமா பார்சல் எடை போட ஒரு தராசு வாங்கினார். பேக்கிங்குக்கு ஒரு பையனை வேலைக்கு வைத்தார்.

ஏப்ரல் கடைசியில் தளம் விழுந்தது. ஆடி மாதம் வரை அந்தப் பையனுக்குச் சம்பளம் கொடுத்துப் பார்த்துவிட்டு, மாமா அவனைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

*

தேடுபொறிக்கு ஏற்றபடி கடையை அலங்கரிப்பது இணையம் வந்த பிறகு தோன்றியது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1886இல் சிகாகோவில் ரூபன் டானெல்லி என்பவர் தொழில்வாரியாகக் கடைகளை அடுக்கி ஒரு டைரக்டரி வெளியிட்டார். மஞ்சள் பக்கங்கள் என்று பின்னால் உலகமெல்லாம் பரவியது அந்த வழக்கம்தான். ஒவ்வொரு தொழிலுக்குக் கீழும் கடைகள் அகர வரிசையில் இருக்கும். வீட்டுக்குள் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டும்போது யாரும் கடைசி வரை படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மேலே இருப்பவருக்குத்தான் போன் போகும். விளைவு? அமெரிக்கா முழுக்க பிளம்பர்களும் பூட்டுக்காரர்களும் கடைக்கு 'ஏ ஒன்' என்று பெயர் வைத்தார்கள். அதை முந்த 'ஏஏ' வந்தது. அதை முந்த 'ஏஏஏ'. குழாய் மாட்டும் திறமைக்கும் அகர வரிசைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் பட்டியலுக்கு ஒரு விதி இருந்தது, கடைகள் அந்த விதிக்கு வளைந்தன.

அடுத்து வந்த ஒவ்வொரு கட்டத்திலும் நடந்தது இதேதான். பட்டியல் வைத்திருப்பவர் மாறினார், விதி மாறியது, வளைவதும் கூடவே மாறியது.

1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தங்களுக்குப் பிடித்த தளங்களை வகைபிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். அதுதான் யாஹூ ஆனது. மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு தளத்தையும் பார்த்து, எந்த வகையில் சேரும் என்று முடிவெடுப்பார்கள். கடைக்காரர் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். தாலுகா ஆபீசில் மனு கொடுத்தது மாதிரி. பின்னாளில் வணிகத் தளங்களுக்கு ஆண்டுக்கு 299 டாலர் கட்டணம் வந்தது. அதிலும் காசு கட்டினால் பரிசீலனை உறுதி, இடம் உறுதியில்லை.

1995 டிசம்பரில் டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனம் அல்டாவிஸ்டாவை வெளியிட்டது. இதில் மனிதர் இல்லை. எந்திரமே இணையத்தை முழுதாக வாசித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அட்டவணை போட்டு வைத்துக்கொண்டது. அந்தக் கால எந்திரங்களின் கணக்கு ஏறக்குறைய இப்படி: ஒரு பக்கத்தில் 'பூங்கொத்து' என்ற சொல் நிறைய வந்தால் அது பூங்கொத்து பற்றிய பக்கம். உடனே கடைக்காரர்கள் பக்கத்தின் அடியில் அந்தச் சொல்லை நூறு தடவை எழுதினார்கள். வாடிக்கையாளர் கண்ணுக்கு உறுத்தக் கூடாதே என்று வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதினார்கள். பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகருக்குத் தெரியாத இடத்தில், 'கீவேர்ட்ஸ்' என்று ஒரு குறிச்சொல் உண்டு. அதில் தங்களுக்குச் சம்பந்தமில்லாத நடிகைகளின் பெயர்களைக்கூடக் கொட்டினார்கள். அந்தக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதே இல்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் பகிரங்கமாகச் சொன்னது. 2011இல் நான் மாமாவின் தளத்தில் அதற்குள் நாற்பது சொற்களை நிரப்பினேன். இன்றைக்கும் நிரப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், காசு வாங்கிக்கொண்டு.

இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டுகளில் ஒருவர் தமிழிலேயே கடைக்குத் தளம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை உட்கார வைப்பதுதான் பெரும்பாலும் உத்தி. திரையில் 'அரிசி' என்று தெரியும். எந்திரத்துக்கு அது பொருளில்லாத ஆங்கிலக் கோவை. அதே 'அரிசி' இன்னொரு எழுத்துருவில் வேறொரு கோவை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று தரப்படுத்தினார்கள், இன்னொரு பக்கம் டிஸ்கி இருந்தது. யூனிகோடு மெல்ல மெல்ல வந்து, தமிழக அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல். அதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி தேடுபொறியின் கண்ணுக்கு என் விசிட்டிங் கார்டு மாதிரிதான்.

*

பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பினால் ஏமாறுவோம் என்பது 1998 வாக்கில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெண் பார்க்கப் போகும் முன் என்ன செய்வோம்? அந்த வீட்டாரிடமே விசாரிக்க மாட்டோம், அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். சொல்கிறவர் யார் என்பதையும் பார்ப்போம். ஊரே மதிக்கிற ஒரு டீச்சர் 'நல்ல குடும்பம்' என்று சொன்னால் அதற்கு ஒரு எடை. அந்த வீட்டிலேயே கடன் வாங்கியவர் சொன்னால் வேறு எடை. அறிவியல் கட்டுரைகளுக்கு இப்படி ஒரு கணக்கை யூஜின் கார்ஃபீல்டு முன்பே செய்து வைத்திருந்தார்: யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற அவருடைய அட்டவணை 1964இல் வெளிவந்தது. லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் செய்தது, மேற்கோளின் இடத்தில் இணைப்பை வைத்தது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் அது பரிந்துரை. பரிந்துரைக்கிறவருக்கு எத்தனை பரிந்துரை இருக்கிறதோ, அவ்வளவு எடை அதற்கு. சுற்றிச் சுற்றி வரும் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரு கட்டத்தில் எண்கள் நிலைத்துவிடும். அதுதான் பேஜ்ரேங்க். கல்லூரியில் ஐகன் மதிப்பு என்று எதற்கென்றே தெரியாமல் படித்துத் தொலைத்தோமே, அதேதான்.

1998இல் பிரிஸ்பேன் மாநாட்டில் அவர்கள் வைத்த கட்டுரையின் பிற்சேர்க்கையில், விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டு பில் கிராஸ் என்பவரின் கோடூ என்ற நிறுவனம் தேடல் வரிசையை வெளிப்படையாக ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. 2000 அக்டோபரில் கூகுளின் சொந்த விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸ் தொடங்கியது. இதைப் படித்துவிட்டு நமட்டுச் சிரிப்பு சிரிக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதே 2000இன் கடைசியில் வந்த சின்னப் பச்சைப் பட்டை. பிரவுசரில் டூல்பாரைப் போட்டுக்கொண்டால் எந்தப் பக்கத்துக்கும் பேஜ்ரேங்க் எத்தனை என்று 0 முதல் 10 வரை அது காட்டும். அக்கம்பக்கத்து அபிப்பிராயத்துக்கு மதிப்பெண் போட்டு வாசலில் ஒட்டியது மாதிரி. எண் தெரிந்துவிட்டால் அதற்கு விலையும் வந்துவிடும். எட்டு மதிப்பெண் பக்கத்திலிருந்து ஒரு இணைப்புக்கு இவ்வளவு, ஐந்துக்கு இவ்வளவு என்று சந்தை உருவானது.

அந்தச் சந்தையில் புரோக்கராக இருந்த ஓக்லஹோமாவின் சர்ச்கிங் என்ற சிறு நிறுவனத்தின் பேஜ்ரேங்க் 2002இல் திடீரென்று குறைக்கப்பட்டது. அவர்கள் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். நாங்கள் வேண்டுமென்றேதான் குறைத்தோம் என்பதைக் கூகுள் மறைக்கவில்லை. 2003 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இந்தத் துறையின் அடித்தளம் என்றே சொல்வேன்: பேஜ்ரேங்க் என்பது ஓர் அபிப்பிராயம், அபிப்பிராயம் சொல்லும் உரிமையை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் காக்கிறது, அது பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. கணிதம் என்று சொல்லி வந்த ஒன்று, நீதிமன்றத்துக்குள் போனதும் கருத்து ஆகிவிட்டது. அந்த வழக்கில் எனக்குச் சர்ச்கிங் மேல் அனுதாபம் இல்லை. ஆனால் தப்பே செய்யாத கடைக்காரனுக்கும் அதே தீர்ப்புதானே பொருந்துகிறது என்பதுதான் உறுத்துகிறது.

அவன் நிலைமை 2003 நவம்பரில் தெரிந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கூகுள் தன் கணக்கை மாற்றியது. வெப்மாஸ்டர்கள் அதற்கு 'ஃப்ளோரிடா' என்று பெயர் வைத்தார்கள். சொற்களை அடுக்கி ஏமாற்றியவர்கள் விழுந்தார்கள். கூடவே ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கை அந்தச் சில வாரங்களில் பார்க்கும் சின்னச் சின்ன ஆன்லைன் கடைகளும் விழுந்தன. தீபாவளிக்கு முந்தின வாரம் ராஜ வீதியில் ஒரு வரிசைக் கடைகளுக்கு மட்டும் ரோட்டை அடைத்தால் எப்படி இருக்கும், அது மாதிரி.

பெரியவர்களும் மாட்டினார்கள். 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளம், எந்திரத்துக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறொரு பக்கமும் காட்டியதற்காக நீக்கப்பட்டது. சில நாளில் திரும்பி வந்தது. 2011 பிப்ரவரியில் ஜேசி பென்னி என்ற பெரிய அமெரிக்கத் துணிக்கடை, சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இணைப்பு பெற்று உடைகள், மெத்தை விரிப்புகள் என்று எல்லாத் தேடலிலும் முதலாவதாக வந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. தண்டனை உண்டு, மீட்சியும் உண்டு. பெயரைச் சொல்லித் தேடுகிறவர்கள் இருக்கும்வரை, அந்தத் தளம் காணாமல் போனால் தேடுபொறிக்கும் சேர்த்துத்தான் கேவலம்.

சிறியவர்கள் கதைக்கு பிரிட்டனைச் சேர்ந்த ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் தம்பதியைச் சொல்லலாம். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஃபவுண்டம் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தைத் தொடங்கினார்கள். 2006 ஜூனில் தளம் பொதுமக்களுக்கு வந்த சில நாளிலேயே கூகுள் தேடலில் அடியில் போய்விட்டது. மற்றத் தேடுபொறிகளில் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. கடைகளுக்கு வழிகாட்டுவதுதான் விலை ஒப்பீட்டுத் தளத்தின் வேலையே. வெளியே போகும் இணைப்புகள் நிறைந்த பக்கத்தைத் தானியங்கி வடிகட்டி குப்பை என்று எடுத்துக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவது? மூன்று ஆண்டுக்கு மேல் போராடிவிட்டு 2009இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். இதற்குள் வழக்கு பெரிதாகிவிட்டது: கூகுள் தன் சொந்த ஷாப்பிங் சேவையை மேலே வைத்து, போட்டியாளர்களைக் கீழே தள்ளுகிறதா என்பது கேள்வி. 2017 ஜூனில் 242 கோடி யூரோ அபராதம். மேல்முறையீடுகள் முடிந்து 2024 செப்டம்பரில் ஐரோப்பிய உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஃபவுண்டம் 2016லேயே மூடப்பட்டிருந்தது. அபராதப் பணம் தம்பதிக்குப் போகவில்லை, ஐரோப்பிய ஒன்றியத்தின் கஜானாவுக்குப் போகும்.

*

நம் கதைக்கு வருகிறேன். 2011 பிப்ரவரியில் பாண்டா வந்தது. இதன் பெயர் மிருகத்திலிருந்து வந்ததில்லை, அதற்கு வழி கண்டுபிடித்த இன்ஜினியர் நவ்னீத் பாண்டாவின் பெயர். ஒரு விஷயமும் இல்லாமல் தேடலுக்காகவே கட்டுரைகளை உற்பத்தி செய்து தள்ளிய தளங்களைக் குறிவைத்து, அமெரிக்கத் தேடல்களில் ஏறக்குறைய 12 சதவீதத்தை அது மாற்றியது. அடுத்து 2012 ஏப்ரல் 24, பெங்குவின். இது காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளுக்கான வலை. தேதியைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாமாவின் கடைக்குக் கிடைத்த 500 பரிந்துரைகள் எங்கிருந்து என்று அப்போதுதான் முதல்முறையாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சூதாட்டத் தளங்கள், ரஷ்ய மொழியில் ஏதோ மாத்திரை விற்கும் பக்கங்கள், நாய் வளர்ப்பு பற்றிய அரைகுறை ஆங்கிலக் கட்டுரைகள். எல்லாவற்றின் அடியிலும் எங்கள் கிரைண்டர் கடை. கோயம்புத்தூரில் முப்பது வருடமாக நாணயமாகத் தொழில் செய்த மனிதருக்கு நான் தேடித் தந்த நற்சான்று இது.

நீக்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் எழுதினேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர், இணைப்பை எடுக்கத் தனியாகப் பணம் கேட்டார். அக்டோபரில் 'இந்த இணைப்புகளுக்கு நான் பொறுப்பில்லை' என்று தளங்களைப் பட்டியலிட்டுக் கொடுக்க ஒரு வசதி வந்தது. ராத்திரி உட்கார்ந்து கொடுத்தேன். ஆனால் பெங்குவின் தினமும் ஓடவில்லை. அவ்வப்போது ஓடும்; அடுத்த முறை ஓடும்வரை பழைய தீர்ப்புதான். அது நிகழ்நேரத்தில் வேலை செய்யத் தொடங்கியது 2016 செப்டம்பரில்.

காத்திருந்த காலத்தில் வேறு வழியில்லாமல் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினேன். யாரும் 'தரமான வெட் கிரைண்டர் உதிரி பாகங்கள்' என்று கேட்கவில்லை. "சுத்தறப்ப டக்கு டக்குன்னு சத்தம் வருதுங்க." "மோட்டார் ஓடுது, கல்லு நிக்குது." "கல்லு வழுவழுன்னு ஆயிருச்சு, கொத்தித் தருவீங்களா?" "பெல்ட் நம்பர் அழிஞ்சுபோச்சு, எப்படி அளக்கறது?" மாமா ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்தில் பதில் சொல்வார். அந்தக் கேள்விகளை அப்படியே தலைப்பாக வைத்து, மாமாவின் பதிலை எழுதி, கேள்விக்கு ஒரு பக்கம் என்று போட்டேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. விசிட்டிங் கார்டைத் தூக்கிவிட்டுப் போன் நம்பரை எழுத்தாக வைத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் டைட்டிலிலும் அந்தப் பக்கம் எதைப் பற்றியது, எந்த ஊர் என்பது மட்டும். படங்களுக்கு அடியில் பெல்ட்டின் அளவு. வெவ்வேறு டைரக்டரிகளில் வெவ்வேறு விதமாகக் கிடந்த முகவரியை ஒரே மாதிரி ஆக்கினேன். மேப்பில் கடை எதிர்ச்சாரியில் இருந்ததை நகர்த்தினேன். 2015 ஏப்ரலில் கைபேசியில் ஒழுங்காகத் தெரியும் பக்கங்களுக்குக் கூகுள் முன்னுரிமை தரத் தொடங்கியபோது அதற்கு ஏற்றபடி மாற்றினேன். எஸ்இஓ என்று நான் செய்தது மொத்தமே இவ்வளவுதான். எந்த மாற்றத்திலும் இதில் ஒன்றைக்கூடத் திருப்பி எடுக்க வேண்டி வரவில்லை. மேப்பில் ரிவ்யூக்கள் வர ஆரம்பித்தன. ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார். மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஆர்டர்கள் திரும்பின. பழைய பையனைக் கூப்பிட்டுப் பார்த்தார் மாமா. அவன் அங்கேயே கட்டிங் மாஸ்டர் ஆகிவிட்டிருந்தான், வரவில்லை.

2022 ஆகஸ்டில் 'உதவிகரமான உள்ளடக்கம்' என்ற பெயரில் இன்னொரு மாற்றம் வந்தது. 2023 செப்டம்பரில் அதன் அடுத்த சுற்று, பொருட்களை உண்மையிலேயே வாங்கிச் சோதித்து எழுதிய பல சிறு தனித் தளங்களையும் சேர்த்து அடித்தது. 2024இல் தேடலுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கம் வந்துவிட்டது. இணைப்பைத் தொடாமலே பதில் கிடைத்துவிடும். எங்கள் தளத்தைத் திறப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். போன் மட்டும் வருகிறது.

போன மாதம் கடைக்குப் போயிருந்தபோது ஒரு அம்மா ஓசூரிலிருந்து பேசினார். போனில் தேடினாராம், மேலே வந்த சுருக்கத்தில் ஒரு பெல்ட் நம்பர் இருந்ததாம், அதையே ஆர்டர் செய்து மாட்டிப் பார்த்தால் தொளதொளவென்று தொங்குகிறதாம். மாமா ஸ்பீக்கரில் போட்டார். "அம்மிணி, அத எடுத்து வெச்சிருங்க. பழைய பெல்ட் இருக்குதா? அதோட முதுகுல ஏ-ன்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், இங்க்லீசு ஏ. படிங்க." நம்பர் பாதி அழிந்திருந்தது. "சரி, சணல் கயிறு ஒண்ணு எடுங்க. மோட்டார் புல்லிலயும் பெரிய புல்லிலயும் சேத்து ஒரு சுத்துச் சுத்தி, முடிச்சுப் போடாம அந்த எடத்துல மையால குறி போடுங்க. அப்புறம் ஸ்கேல் வெச்சு இஞ்சுல அளந்து சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்." அந்த அம்மா கயிறு தேடப் போனார். மாமா என்னைப் பார்த்து, "மாப்ள, இந்த மோட்டார் தள்ளி வெச்ச மாடலப் பத்தி நாம எழுதவே இல்லியே?" என்றார். நான் நோட்டை எடுத்தேன்.